வைரவன் கண்டெடுத்த பட்டுப்பை

முன்னொரு காலத்தில், அது எந்தக் காலம், எந்தச் சீமை என்று குறுக்கே கேட்காமல் இருந்தால் சொல்கிறேன், திருமேனிப் பூபதி என்று ஒரு ராஜா இருந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் அவர் தலைக்குள் ஓர் எண்ணம் புகுந்துவிட்டால் தீர்ந்தது. அது வெளியே வருகிறவரை அவருக்குச் சோறு இறங்காது, தூக்கம் பிடிக்காது, பக்கத்தில் இருக்கிறவர்களையும் தூங்க விடமாட்டார்.

ஒரு தடவை கடல் கடந்து வந்த குதிரை வியாபாரி ஒருவன் சபையில் உட்கார்ந்து அளந்தான். "ராஜாவே, எங்கள் தேசத்தில் நடுத்தெருவில் பொன் முடிப்பு விழுந்து கிடந்தாலும் ஒருவரும் தொடமாட்டார்கள். தொலைத்தவன் மழைக்காலம் கழித்து வந்தாலும் போட்ட இடத்திலேயே எடுத்துக்கொள்ளலாம்" என்றான். அவன் குதிரைகளை விற்றுவிட்டு, காசை வாங்கி மடியில் பத்திரமாகக் கட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தான். ராஜாவுக்குத்தான் வயிறு எரிந்தது. அவன் நாட்டில் நடப்பது என் நாட்டில் நடக்காதா? என் ஜனங்கள் என்ன மட்டமா?

மறுநாள் காலையில் நாற்சந்தியில் தமுக்கு முழங்கியது.

"இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால்! வழியில் கிடக்கும் பொருளைக் கண்டெடுத்தவர் எவராயினும், அன்று விளக்கு வைப்பதற்குள் அதை உரியவரிடம் சேர்த்துவிட வேண்டும். உரியவர் இன்னார் என்று தெரியாவிட்டால் அரண்மனைப் பொக்கிஷத்தில் ஒப்படைக்க வேண்டும். தவறினவர் கரும்புள்ளி செம்புள்ளி குத்தி, கழுதைமேல் ஏற்றி, நாடு கடத்தப்படுவார். பெரியவர் சிறியவர், வேண்டியவர் வேண்டாதவர் என்ற பேச்சே கிடையாது!"

அன்றிலிருந்து ஊர் ஜனங்கள் தரையைப் பார்த்து நடப்பதையே விட்டுவிட்டார்கள். அண்ணாந்து நடந்து ஒருவரோடு ஒருவர் முட்டிக்கொண்டார்கள். மோர் விற்கிறவள் ஒருத்தி, தன் கையிலிருந்து நழுவிய காசைத் தானே எடுக்கப் பயந்து, அதற்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்துகொண்டு, "இது என் காசுதான், எல்லாரும் பாத்துக்கங்க, என் காசுதான்!" என்று கத்திவிட்டு அப்புறம் எடுத்தாளாம்.

இதைச் சபையில் நடித்துக் காட்டி ராஜாவைச் சிரிக்கவைத்தவன் வைரவன். அரண்மனை விகடகவி. ராஜாவுக்கு அவன் இல்லாமல் பொழுது போகாது. பொக்கிஷ அதிகாரி மகுடபதிக்கோ அவனைக் கண்டாலே ஆகாது. அதற்குக் காரணம் இருந்தது. வீட்டுக்கு வீடு அடுப்புப் புகைக்கு வரி போடலாம் என்று மகுடபதி ஒருமுறை யோசனை சொன்னார். வைரவன் எழுந்து, "அப்படியானால் பொக்கிஷ அதிகாரி வீட்டுக்கு வரியே கிடையாதா மகாராஜா? அங்கேதான் அடுப்பே எரிவதில்லையே!" என்று கேட்டுவிட்டான். மகுடபதி பக்கத்து வீட்டு விசேஷம் பார்த்துச் சாப்பிடுகிற மகா கஞ்சர் என்பது ஊருக்கே தெரியும். சபை குலுங்கிச் சிரித்தது. வரியும் போச்சு, மானமும் போச்சு. அன்று கறுவினார் மகுடபதி, இவனைக் கழுதைமேல் பார்க்காமல் விடமாட்டேன் என்று.

ஐப்பசி மாதம். ராஜா முயல் வேட்டைக்கென்று காட்டுக்குப் போனார். மறுநாள் காலைதான் திரும்பி வந்து சபை கூட்டுவார். அவர் கிளம்பிய அன்று விடிகிற நேரம், வைரவன் வழக்கம்போல் தன் வீட்டுக் கொல்லைப் படலைத் திறந்துகொண்டு சந்து வழியாகக் குளத்துக்குக் குளிக்கப் போனான். சந்தில் அவனைத் தவிர யாரும் நடக்கமாட்டார்கள். நடுவில் என்னவோ சிவப்பாகக் கிடந்தது. காலால் தள்ளப் போனவன் காலை இழுத்துக்கொண்டான். பட்டுப்பை! வாயைச் சுருக்கிக் கட்டியிருந்தது. கையில் எடுத்தால் கை தாழ்ந்தது.

உள்ளே என்ன என்று சொல்லவா வேண்டும்! குளிக்கப் போனவன் துண்டுகூட நனையாமல் ஓடி வந்து, கதவைச் சாத்திவிட்டு, மனைவி உலகம்மாளின் முன்னால் பையை வைத்தான்.

"அடி உலகு! அடிச்சதடி அதிர்ஷ்டம்!"

உலகம்மாள் சாணி கரைத்துக்கொண்டிருந்த கையை அப்படியே நீட்டிக்கொண்டு நின்றாள். "ஏங்க, இது யாரு வீட்டுக் காசோ! எவ வயிறு எரிஞ்சிட்டு இருக்காளோ! கொண்டுபோய்க் குடுத்துட்டு வாங்க மொதல்ல."

"குடுத்துரலாம். அதுக்கு முன்னாடி நீ ஒரு தடவ தூக்கிப் பாரு."

கையைக் கழுவிவிட்டு வந்து அவள் தூக்கிப் பார்த்தாள். முகம் மாறியது. இன்னொரு தடவை தூக்கிப் பார்த்தாள்.

"ரொம்ப கனம்," என்றாள் மெதுவாக. "கூரைக்குப் புதுசா ஓடு போட்டுரலாம் போலிருக்கே."

"ஓடா? மாடியே கட்டலாம்!"

"உங்க தங்கச்சி கல்யாணக் கடன்..."

"அதையும் தீர்த்துரலாம்!"

வைரவனுக்கு ஆசை இல்லை என்று நான் பொய் சொல்லமாட்டேன். நாக்கில் எச்சில் ஊறுகிற அளவுக்கு ஆசை இருந்தது. ஆனால் அந்தப் பையைத் தொலைத்தவன் எங்கேயோ தலையில் அடித்துக்கொண்டு தேடுகிற மாதிரியும் அவனுக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. பெருமூச்சு விட்டான்.

"வேண்டாம் உலகு. நம்ம காசு இல்ல. கொண்டுபோய்க் குடுத்துட்டு வந்துர்றேன்."

இப்போது உலகம்மாளுக்கு மனசு வரவில்லை. "அதுக்குள்ள என்ன அவசரம்? விளக்கு வைக்கிறதுக்குள்ளதானே குடுக்கணும்? பொழுது சாயற வரைக்கும் நம்ம வீட்டுலதான் இருந்துட்டுப் போகட்டுமே," என்று பையைத் தடவிக் கொடுத்தாள். தடவிய கை சட்டென்று நின்றது. "ஏங்க."

"என்ன?"

"ராத்திரி பூரா மழ கொட்டுச்சே. சந்துல மொழங்கால் சேறு. இந்தப் பை எப்படி காஞ்சு கெடக்கு?"

வைரவன் பையை எடுத்து எல்லாப் பக்கமும் தடவினான். அடியில் மட்டும் கொஞ்சம் சேறு. மற்ற இடமெல்லாம் பெட்டியிலிருந்து எடுத்த பட்டு. யாரோ மழை விட்ட பிறகு, அவன் படலைத் திறப்பதற்குக் கொஞ்சம் முன்னால், கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். அப்போதுதான் அவனுக்கு நினைவு வந்தது. சந்து முனையில் மகுடபதியின் வேலைக்காரர்கள் இரண்டு பேர் நின்று, விடியாத நேரத்தில் ஒரு மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்த்து விலை பேசிக்கொண்டிருந்தார்கள். அது பக்கத்து வீட்டுக்காரனின் மாடு. அவன் விற்கப் போவதாகச் சொன்னதே கிடையாது.

"பாவிப்பய! மாட்ட வச்சிட்டான்டி!" என்று வைரவன் தொப்பென்று உட்கார்ந்தான்.

"அதான் ஆசப்படலியே நாம! நேரா போய்ப் பொக்கிஷத்துல குடுத்துட்டா முடிஞ்சது."

"பொக்கிஷத்துல யாரு இருக்கா?"

உலகம்மாள் விழித்தாள்.

"அவன்தானே இருக்கான்! பொக்கிஷ அறைக்குள்ள ஒரு நேரத்துல ஒரு ஆள்தான் போகலாம்னு சட்டம். நான் மட்டும் போவேன். பையக் குடுப்பேன். வாங்கி வச்சிட்டு, நாளைக்கு ராஜா முன்னால, 'இவன் வரவே இல்ல மகாராஜா'ன்னு சொல்லுவான். எடுத்ததுக்கு சாட்சி ரெண்டு பேரு இருக்கான். குடுத்ததுக்கு யாரு இருக்கா? வச்சிக்கிட்டாலும் கழுத, குடுத்தாலும் கழுத!"

"எடுத்த எடத்துலயே போட்டுட்டு வந்துருங்க!"

"எடுத்தத பாத்துட்டாங்கடி. போட்டா அவங்களே எடுத்துட்டுப் போயிருவாங்க. அப்பவும் கழுததான்."

உலகம்மாளுக்கு அழுகை வந்துவிட்டது. கழுதைகூடப் பரவாயில்லை, இறங்கிக் குளித்தால் போச்சு. நாடு கடத்திவிட்டால் எங்கே போவது? ஊரையே சிரிக்கவைக்கிறவன் அன்று நனையாத துண்டால் தன் பெண்டாட்டியின் கண்ணைத் துடைத்துவிட்டான்.

"உள்ள என்னதான் இருக்குன்னு பாப்போம்," என்று பைச்சுருக்கைத் தளர்த்திக் கவிழ்த்தான்.

காசுகள் கலகலவென்று கொட்டும் என்று பார்த்தால், ஒன்றும் கொட்டவில்லை. மஞ்சள் துணி முடிச்சு ஒன்று மெத்தென்று விழுந்தது. மஞ்சளில் தோய்த்து உலர்த்திய துணி. அதற்குள்ளே காசுகள். வாயை இறுக்கி மூன்று முடிச்சுப் போட்டு, மேலே மஞ்சள் கயிற்றில் ஒரு ஜோடி வெள்ளிக் கண்மலர் கோத்துக் கட்டியிருந்தது.

"ஆத்தாடி!" உலகம்மாள் துள்ளிப் பின்னால் போனாள். கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "தொடாதீங்க! தொடாதீங்க! நேர்ந்து முடிஞ்ச காசுங்க! மாரியாத்தா காசு! கண்ணு வலிக்கு நேர்ந்திருக்காங்க!"

அந்தச் சீமையில் அது பிள்ளைக்கும் தெரியும். வீட்டில் ஒருவருக்கு நோய் வந்தால் காசை மஞ்சள் துணியில் முடிந்து சாமி மாடத்தில் வைப்பார்கள். முடிந்த நிமிஷத்திலிருந்து அது அம்மன் காசு. வீட்டில் பஞ்சம் வந்தாலும் அதில் கை வைக்கமாட்டார்கள். கோயில் வாசலில்தான் அது போய்ச் சேர வேண்டும். நடுவில் முடிச்சை அவிழ்க்கிற தைரியம் எப்பேர்ப்பட்ட திருடனுக்கும் கிடையாது.

வைரவன் முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தான். ஊரில் கண்நோய் வந்து பிழைத்த பெரிய மனிதர் யார்? மகுடபதிதான். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் இரண்டு கண்ணும் மூடி, கைத்தாங்கலாகச் சபைக்கு வந்தார். அவர் மனைவி பர்வதத்தம்மாள் அழாத நாள் இல்லை. சரி, இப்போது புரிந்தது. பொறி வைக்கப் பொன் வேண்டும். தன் பெட்டியிலிருந்து எடுக்கக் கஞ்சனுக்குக் கை வருமா? பொக்கிஷத்திலிருந்து எடுத்தால் கணக்கு உதைக்கும். சாமி மாடத்தில் சும்மா கிடந்த முடிப்பை எடுத்துவிட்டார். எப்படியும் ஒரு நாளில் திரும்பி வந்துவிடும், மாடத்தில் வைத்துவிடலாம், அம்மன் கோபித்துக்கொள்ளமாட்டாள் என்று நினைத்திருக்கிறார். ஆனால் முடிச்சை மட்டும் அவிழ்க்கப் பயம்! அப்படியே தூக்கிப் பட்டுப்பைக்குள் போட்டுக் கட்டிவிட்டார்.

வைரவன் சிரிக்க ஆரம்பித்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சுவரில் சாய்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தான்.

"கழுத மேல ஏத்தப் போறாங்கன்னு பயத்துல புத்தி பேதலிச்சுப் போச்சா?" என்றாள் உலகம்மாள் பதறிப்போய்.

"ராஜா என்ன சொல்லியிருக்காரு? உரியவர்கிட்ட சேர்க்கணும். தெரியாட்டித்தான் பொக்கிஷம். உரியவ யாருன்னு நமக்குத் தெரிஞ்சுபோச்சே! கெளம்பு, கெளம்பு! அந்தப் பித்தளத் தாம்பாளத்த எடு! பம்பைக்காரங்களுக்கு ஆள் அனுப்பு!"

அப்புறம் நடந்ததைப் பார்க்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும். நல்ல உச்சி வெயில். வைரவன் தலைமுழுகி, மஞ்சள் வேட்டி கட்டி, தலையில் தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டான். தாம்பாளத்தில் வேப்பிலை, வேப்பிலைக்கு நடுவில் மஞ்சள் முடிச்சு. முன்னால் பம்பைக்காரர்கள் காது கிழியக் கொட்டிக்கொண்டு போனார்கள். உலகம்மாள் குலவை போட்டாள். "என்ன விசேஷம், என்ன விசேஷம்" என்று தெரு முழுக்கக் கூடவே கிளம்பிவிட்டது. கடைக்காரர்கள் கடையை அப்படியே போட்டுவிட்டு வந்தார்கள்.

கோயிலில் பூசாரி கேட்டார்: "யாரு வேண்டுதல்ப்பா?"

"அது ஆத்தாளுக்குத் தெரியும். வழியில கெடந்துச்சு. அவ காசு, அவகிட்ட கொண்டாந்துட்டேன். எல்லாரும் நல்லா பாத்துக்கங்க!"

பூசாரி வெள்ளிக் கண்மலரை அவிழ்த்து அம்மன் காலடியில் வைத்தார். வைரவன் மஞ்சள் முடிச்சை மூன்று தடவை சுற்றி, ஊர் பார்க்க, உண்டியலில் போட்டான். ணங்கென்று விழுந்தது. காலிப் பட்டுப்பையை மட்டும் இடுப்பில் செருகிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தான். வேலைக்காரர்கள் இரண்டு பேரும் இதைப் பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். அவன் பையை எடுத்ததைப் பார்த்தவுடனேயே எஜமானிடம் ஓடிச் சொல்லி, கிடைத்த கூலியோடு கள்ளுக்கடைக்குப் போனவர்கள்தான். அன்று முழுக்க எழுந்திருக்கவில்லை.

மறுநாள் சபை கூடியது. ராஜா உட்கார்ந்ததும் உட்காராததுமாக மகுடபதி எழுந்தார். அரண்மனை வாசலில் அதற்குள் ஒரு கழுதை கட்டியிருந்தது. கழுதைக்குப் பக்கத்தில் கரி ஒரு சட்டி, செம்மண் ஒரு சட்டி. எல்லாம் அவர் ஏற்பாடு. கழுதையை வாடகைக்குப் பேசியதில் அவருக்கு ராத்திரி பூரா வருத்தம் வேறு.

"மகாராஜா! சொல்லவே நா கூசுகிறது. என் பொன் முடிப்பு ஒன்றை நேற்று வழியில் தவறவிட்டேன். அதை வைரவன் எடுத்ததைக் கண்டவர்கள் இருவர் இருக்கிறார்கள். விளக்கு வைக்கும்வரை பொக்கிஷ அறையிலேயே காத்திருந்தேன். அவன் வரவில்லை. தாங்கள் போட்ட சட்டத்தைத் தங்கள் நிழலில் இருப்பவனே மீறலாமா?"

ராஜாவின் முகம் சுருங்கியது. "வைரவா, பையை எடுத்தாயா?"

"எடுத்தேன் மகாராஜா."

"பொக்கிஷத்தில் ஒப்படைத்தாயா?"

"இல்லை மகாராஜா."

சபையில் சலசலவென்று பேச்சு எழுந்தது. ராஜாவுக்குத் தாங்கவில்லை. வேறு யாராக இருந்தாலும் ஒரு சொல்லில் முடித்திருப்பார். இவன் போய்விட்டால் நாளைக்கு யார் சிரிக்கவைப்பார்கள்? ஆனால் வேண்டியவர் வேண்டாதவர் கிடையாது என்று தமுக்கு அடித்துச் சொன்னதும் அவர்தானே!

"ஏனடா இப்படிச் செய்தாய்?" என்றார்.

வாசலில் கழுதை ஒருமுறை கத்தியது. வைரவன் ஓரக்கண்ணால் அதைப் பார்த்துக்கொண்டான். கேட்க வேண்டியதைச் சரியாகக் கேட்க வேண்டும், ஒரு வார்த்தை முன்னே பின்னே போனாலும் மகுடபதி நழுவிவிடுவார்.

"மகாராஜா, தண்டனைக்கு நான் தயார். அதற்கு முன் பொக்கிஷ அதிகாரி ஒன்று மட்டும் சொல்லட்டும். அந்தப் பைக்குள் இருந்தது என்ன?"

"என்ன கேள்வி இது? பொற்காசுகள்!" என்றார் மகுடபதி.

"காசுகள் மட்டும்தானா?"

மகுடபதி கண் சிமிட்டினார். "காசுகள் மட்டும்தான். என் சொந்த உழைப்பில் வந்த காசு. வேறொருவருக்கும் அதில் பாத்தியதை இல்லை."

வைரவன் இடுப்பிலிருந்து சிவப்புப் பட்டுப்பையை உருவித் தூக்கிக் காட்டினான். "இதுதானா?"

"அதேதான்! அதேதான் மகாராஜா! பாருங்கள், பை காலி! எல்லாவற்றையும் விழுங்கிவிட்டான்!" மகுடபதி சந்தோஷத்தில் கையைத் தட்டிவிட்டார்.

"மகாராஜா, ராத்திரி முழுக்க மழை கொட்டியும் நனையாமல், விடிகிற நேரம் என் கொல்லைச் சந்தில் கிடந்த இந்தப் பையை நான் வீட்டில் கவிழ்த்தேன். காசு கொட்டவில்லை. ஒரு மஞ்சள் துணி முடிச்சுதான் விழுந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டாமா? ஆகவே அந்த முடிச்சில் கையை வைத்து, முதல் முடிச்சை மெல்ல..."

"அவிழ்த்துவிட்டாயா? அடப்பாவி!" மகுடபதி ஆசனத்திலிருந்து எகிறிவிட்டார். "அம்மனுக்கு நேர்ந்து முடிந்ததடா அது! என் கண்ணுக்காக நேர்ந்தது! என் கண் போய்விடுமே! அவிழ்த்தேவிட்டாயா?"

சொன்ன பிறகுதான் வாயைப் பொத்தினார். பொத்தி என்ன பிரயோஜனம்?

ராஜா முன்னால் குனிந்தார். "உமது சொந்தக் காசு, வேறொருவருக்கும் பாத்தியதை இல்லை என்றீரே?"

மகுடபதி கண்ணைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டார், பார்வை இருக்கிறதா என்று.

"பயப்படாதீர் ஐயா, நான் அவிழ்க்கவில்லை," என்றான் வைரவன். "கண்மலரைப் பார்த்ததுமே கையை எடுத்துவிட்டேன். மகாராஜா, தங்கள் ஆணை என்ன? உரியவர் தெரியாவிட்டால்தான் பொக்கிஷம். தெரிந்தால் அவரிடமே சேர்க்க வேண்டும். மஞ்சள் முடிச்சுக்கு உரியவள் யார் என்று இந்த ஊரில் தெரியாதவர் உண்டா? விளக்கு வைப்பதற்கு வெகு நேரம் முன்பே, ஊர் பார்க்க, பம்பை முழங்க, மாரியம்மன் உண்டியலில் சேர்த்துவிட்டேன். பூசாரி வாசலில்தான் நிற்கிறார். கடைத்தெருவே சாட்சி."

"உண்டியலிலா?" மகுடபதி அலறினார். "நேற்று மத்தியானம் கொட்டு முழக்கினார்களே, அதுவா? யார் வீட்டு விசேஷமோ, சாப்பாடு உண்டா என்று விசாரிக்க நினைத்தேனே! ஐயோ, மகாராஜா, உண்டியலைத் திறக்கச் சொல்லுங்கள்! அவ்வளவும் பொன்!"

"உண்டியலில் விழுந்ததைத் திருப்பிக் கேட்க எனக்கே அதிகாரம் கிடையாது," என்றார் ராஜா. அவர் உதடு ஒரு பக்கமாகத் துடிக்க ஆரம்பித்திருந்தது. "அது இருக்கட்டும். மழையில் நனையாத பை, விடிகிற நேரத்தில் வைரவனின் கொல்லைப்புறத்தில் எப்படித் தவறி விழுந்தது? அங்கே உமக்கு என்ன வேலை?"

மகுடபதி என்ன சொல்லியிருப்பாரோ, அதற்குள் வாசலில் கொலுசுச் சத்தம் கேட்டது. அவர் மனைவி பர்வதத்தம்மாள், கையில் பொங்கல் பானையும் பிரசாதத் தட்டுமாக, முகமெல்லாம் சிரிப்பாக உள்ளே வந்தாள். சபைக்குள் பெண்கள் அப்படி வருகிற வழக்கம் கிடையாது. அன்று அவளுக்கு அதெல்லாம் தோன்றவில்லை.

"மகாராஜா பொறுத்துக்கொள்ள வேண்டும். சந்தோஷம் தாங்காமல் ஓடி வந்துவிட்டேன்! இவர் கண் நன்றாக வேண்டும் என்று அம்மனுக்கு முடிந்து வைத்தேன். கண்ணும் நன்றாகிவிட்டது. செலுத்திவிட்டு வரலாம் என்று கூப்பிட்டால், அடுத்த மாதம், அடுத்த பொங்கல் என்று இவர் தள்ளிக்கொண்டே வந்தார். நான் உள்ளுக்குள் செத்துக்கொண்டிருந்தேன். இன்று காலையில் கோயிலுக்குப் போனால், அம்மன் காலடியில் என் கண்மலர்! தட்டான் ஒரு கண்ணைச் சின்னதாக அடித்துவிட்டான், அதே கண்மலர்! வீட்டில் போய்ப் பார்த்தேன், மாடத்தில் முடிப்பு இல்லை. எனக்கே தெரியாமல், வைரவன் கையில் கொடுத்து, மேளதாளத்தோடு செலுத்தியிருக்கிறாரே! இவரைப் போய்க் கஞ்சன் என்று ஊர் சொல்கிறதே!"

சொல்லிக்கொண்டே கணவனின் நெற்றியில் பெரிதாகக் குங்குமத்தை அப்பினாள். வைரவன் கையில் பொங்கல் பானையைக் கொடுத்தாள். "நல்லா இரு தம்பி. நீ சுமந்துபோன புண்ணியம் உன் குடும்பத்துக்கு."

மகுடபதி சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் நின்றார். ராஜா எவ்வளவு நேரம்தான் அடக்குவார்? வெடித்துவிட்டார். சிரித்தார், சிரித்தார், சிம்மாசனத்தின் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சபை முழுக்க அவரோடு சேர்ந்துகொண்டது.

கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு ராஜா சொன்னார்: "சட்டம் சட்டம்தான். அடுத்தவர் காசை ஒரே ஒரு நாள் விளக்கு வைத்த பிறகும் வைத்திருந்தால் கழுதை. அம்மன் காசை எத்தனை விளக்கு வைத்தும் கொடுக்காதவரை என்ன செய்வது?"

பர்வதத்தம்மாளுக்கு அப்போதுதான் வாசலில் நின்ற கழுதையும் சட்டிகளும் நினைவுக்கு வந்தன. முகம் வெளுத்தது. அதைப் பார்த்த வைரவனுக்கு மனசு கேட்கவில்லை. முந்தின நாள் உலகம்மாள் அழுத முகம் அப்படித்தான் இருந்தது.

"மகாராஜா, செம்புள்ளியை அந்த அம்மாளே வைத்துவிட்டார்கள். இதற்கு மேல் நாம் ஏன்?" என்றான். பிறகு பர்வதத்தம்மாள் பக்கம் திரும்பி, "அம்மா, வேண்டுதல் காசும் கண்மலரும் மட்டும்தானா? வேறு ஏதாவது பாக்கி இருக்கிறதா?" என்று கேட்டான்.

"இருக்கிறது," என்றாள் அவள் தயங்கி. "இவர் வேப்பிலை கட்டிக்கொண்டு கோயிலைச் சுற்றி அங்கப்பிரதட்சணம் செய்வதாகவும் நேர்ந்துகொண்டேன். இவரிடம் இன்னும் சொல்லவில்லை."

"இன்றைக்கே!" என்றார் ராஜா. "விளக்கு வைப்பதற்குள்! பம்பைக்காரர்களைக் கூப்பிடுங்கள். அந்தக் கழுதை சும்மாதானே நிற்கிறது, வேப்பிலையை அதன் மேல் ஏற்றுங்கள். கழுதைக்கும் பம்பைக்கும் கூலி பொக்கிஷ அதிகாரியின் சொந்தச் செலவு."

கூலி என்றதும்தான் மகுடபதி அழுதார்.

ராஜா தன் இடையிலிருந்து பொன் நிறைந்த பை ஒன்றை அவிழ்த்தார். "வைரவா, இது உனக்கு. பிடி!" என்று வீசினார். வைரவன் சட்டென்று ஒதுங்கிக்கொண்டான். பை தொப்பென்று தரையில் விழுந்தது. பக்கத்தில் நின்ற மந்திரிகள் நெருப்பைக் கண்ட மாதிரி காலை இழுத்துக்கொண்டார்கள்.

"ஏன் எடுக்கவில்லை?"

"மகாராஜா, அது கீழே கிடக்கிறது. தொட்டேனோ, உரியவரிடம் சேர்த்தாக வேண்டும். உரியவர் தாங்கள். குனிந்து எடுத்துத் தங்களிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்குப் போனால், உலகம்மாள் என்னை நாடு கடத்திவிடுவாள்."

ராஜா எழுந்தார். படியிறங்கி வந்தார். ராஜா என்றும் பாராமல் குனிந்து தரையிலிருந்து பையைத் தானே எடுத்தார். வைரவனின் கையைப் பிடித்து, உள்ளங்கையில் பையை வைத்து, விரல்களை மடக்கினார்.

"கண்டெடுத்தேன். உரியவன் இன்னான் என்று எனக்குத் தெரியும். விளக்கு வைக்க இன்னும் நேரம் இருக்கிறது. சரிதானே?"

"சட்டப்படி சரி மகாராஜா!" என்றான் வைரவன்.

அதைக் கேட்டு ராஜா மறுபடியும் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தார். சிரித்த சிரிப்பில் கிரீடம் கழன்று விழுந்து, உருண்டு உருண்டு, சபையின் நடுவில் போய் நின்றது. மந்திரி பார்த்தார், தளபதி பார்த்தார், சேவகர்கள் பார்த்தார்கள். எடுத்துக் கொடுக்க ஒருவரும் குனியவில்லை.